மட்டக்குதிரை இளைக்க எந்தப் பவுடர் போடலாம்?

குதிரை வைத்திருக்கிறவர்கள் நாலு பேர் கூடினால், அதுவும் வசந்த காலம் நெருங்குகிற நேரமாக இருந்தால், இந்தக் கேள்வி வராமல் இருக்காது. போனி உருண்டு திரண்டு நிற்கிறது, இளைக்க என்ன பவுடர் போடலாம்? தீவனக் கடைக்குப் போனால் அதற்கென்றே ஒரு அலமாரி இருக்கிறது. மெக்னீசியம் போட்டது, குரோமியம் போட்டது, லவங்கப்பட்டை போட்டது என்று வரிசையாக டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் கச்சிதமாக மெலிந்த ஒரு குதிரையின் படம். நேராகவே சொல்லிவிடுகிறேன். கொழுப்பைக் கரைக்கிற பவுடர் எதுவும் அந்த அலமாரியில் இல்லை. ஆனால் எங்கள் மட்டக்குதிரை பிராம்பிளின் வாளியில் நான் ஒரு நாள்கூடத் தவறாமல் போடுகிற ஒன்று இருக்கிறது, அது இல்லாமல் அவளைப் பத்திரமாக இளைக்க வைத்திருக்க முடியாது. அது என்ன, அதன் வேலை என்ன என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

பிராம்பிள் எங்கள் மகளின் மட்டக்குதிரை. நாங்கள் இருப்பது இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர், வேல்ஸ் எல்லையை ஒட்டிய பகுதி. அவள் வேல்ஸ் மலைக்குதிரை இனம், இங்கே செக்‌ஷன் ஏ என்பார்கள், உயரம் பன்னிரண்டு கைக்கு மேல் போகக்கூடாது என்பது அந்த இனத்தின் கணக்கு, அதாவது 122 சென்டிமீட்டருக்கு உள்ளே. இந்தக் குதிரைகளின் முன்னோர்கள் மழையும் காற்றும் அடிக்கிற மலையில் முரட்டுப் புல்லையும் புதரையும் கடித்து வாழ்ந்தவை. கோடையில் கிடைப்பதையெல்லாம் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும், குளிர்காலத்தில் அந்தக் கொழுப்பை எரித்தே உயிர் பிழைக்கும். மார்ச் மாதம் விலா எலும்பு தெரிய நிற்பது அவற்றுக்கு இயல்பு. இன்றைக்கு அதே குதிரை நிற்பது கறவை மாட்டுக்காக விதைத்த ரைகிராஸ் புல்வெளியில். குளிர்காலத்தில் மேலே கம்பளிப் போர்வை, முன்னால் வேண்டிய மட்டும் உலர்புல். உடம்பு காத்திருக்கிற அந்தப் பஞ்ச காலம் வருவதே இல்லை. கோடைக்குக் கோடை ஒரு சுற்று ஏறுகிறதே தவிர இறங்க வழி கிடையாது. இது வளர்ப்பவரின் அன்புக் குறைவோ குதிரையின் பேராசையோ இல்லை, தப்பான இடத்தில் நிற்கிற நல்ல உடம்பு, அவ்வளவுதான்.

குண்டாக இருந்தால் என்ன, அழகாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக லேமினைட்டிஸ் என்கிற குளம்பு நோய் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் வந்து நிற்கிறது.

குதிரையின் குளம்புக்குள்ளே கடைசியாக ஒரு எலும்பு இருக்கிறது. அந்த எலும்பைக் குளம்பின் சுவரோடு பிடித்து வைத்திருப்பவை மெல்லிய மடிப்பு மடிப்பான இழைத்தட்டுகள். மொத்த உடம்பின் எடையும் அந்தப் பிடிப்பில்தான் தொங்குகிறது. அந்த மடிப்புகள் பலவீனமாகி இழுபட்டால் எலும்பு உள்ளுக்குள்ளேயே சாயும், மோசமானால் கீழே இறங்கும். குதிரைக்கு அந்த வலி பொறுக்க முடியாத வலி. முன்கால்களை நீட்டி, எடையைப் பின்னங்கால்களில் போட்டு, அடுத்த அடி எடுத்து வைக்கப் பயந்து நிற்கும். எத்தனையோ மட்டக்குதிரைகளை இதனால் கருணைக்கொலை செய்ய வேண்டி வருகிறது.

இதற்கும் கொழுப்புக்கும் நடுவில் நிற்பது இன்சுலின். 2007-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், எந்த நோயும் இல்லாத மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து ரத்தத்தில் ஏற்றினார்கள். 72 மணி நேரத்துக்குள் அவற்றுக்கு லேமினைட்டிஸ் வந்துவிட்டது. இன்சுலின் அதிகமாக ஓடினாலே குளம்பு கெடும் என்பது அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் தெளிவானது. குண்டான மட்டக்குதிரை பலவற்றுக்கு இனிப்பான புல்லைத் தின்றதும் இன்சுலின் எக்கச்சக்கமாக ஏறுகிறது. நம் வீடுகளில் சர்க்கரை நோய் பார்த்தவர்களுக்கு இது புரியும், ஆனால் குதிரையில் பெரும்பாலும் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும், இன்சுலின் மட்டும் எகிறி நிற்கும். ஆகவே கால்நடை டாக்டர் ரத்தம் எடுக்கும்போது இன்சுலினைப் பார்க்கச் சொல்லுங்கள். பிராம்பிளுக்குச் செய்தது, மக்காச்சோளப் பாகை சிரிஞ்சில் அளந்து வாயில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் பரிசோதனை. அளவு கூடுதலாகத்தான் வந்தது. குளம்பு இன்னும் கெடவில்லை, ஆகவே நேரம் இருந்தது.

முதலில் அளக்க வேண்டும். கண்ணை நம்பக் கூடாது, தினமும் பார்க்கிற கண்ணை நம்பவே கூடாது. முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்து, தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளமும் எடுத்து, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வந்துவிடும். எல்லாம் சென்டிமீட்டரில். இலையுதிர் காலத்தில் பிராம்பிளுக்கு 162 சுற்றளவு, 126 நீளம், கணக்குப் போட்டால் 278 கிலோ. அவளுடைய எலும்புக்கட்டுக்கு 240 பக்கம் இருந்தால் போதும் என்றார் டாக்டர். தராசு கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் வாராவாரம் ஒரே ஆள், ஒரே இடத்தில் டேப் பிடித்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

டேப்போடு கையும் வேலை செய்ய வேண்டும். ஹென்னகே என்பவர் 1983-ல் வகுத்த ஒன்று முதல் ஒன்பது வரையிலான உடல்நிலை அளவுகோல் இருக்கிறது, இங்கே பூஜ்யம் முதல் ஐந்து வரை உள்ள இன்னொன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: விலா, தோளுக்குப் பின்பக்கம், வால் அடி, கழுத்து. விரலை லேசாக வைத்தாலே விலா தட்டுப்பட வேண்டும். அப்புறம் பிடரி. பிடரி மயிரின் அடியில் கையை வைத்து அந்த மேட்டை இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். மெத்தென்று அசைந்தால் பரவாயில்லை. பிராம்பிளுடையது அசையவே அசையாது, உள்ளே கட்டை வைத்துத் தைத்த மாதிரி இறுகிக் கிடந்தது. அந்தப் பிடரிக் கொழுப்பு இன்சுலின் கோளாறோடு சேர்ந்தே வருவது, ஆகவே மற்ற இடம் எப்படி இருந்தாலும் நான் முதலில் கை வைப்பது அங்கேதான்.

சரி, தீனிக்கு வருவோம். முதல் எச்சரிக்கை, பட்டினி போடாதீர்கள். குண்டான மட்டக்குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கி, ஈரலை அடைத்து, ஆளையே கொண்டுபோய்விடும். ஷெட்லாந்து குதிரைக்கும் கழுதைக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதோடு குதிரையின் இரைப்பை அமிலத்தை நிறுத்தாமல் சுரந்துகொண்டே இருக்கும், எச்சிலோ மென்றால்தான் ஊறும், வெறும் வயிற்றோடு நிறுத்தி வைத்தால் புண் வந்துவிடும். எனவே குறைப்பது அளந்துதான். உடல் எடையில் ஒன்றரை சதவீதம், ஈரம் நீக்கிய கணக்கில், ஒரு நாளைக்கு. உலர்புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் பிராம்பிளுக்கு அது தராசில் 4.8 கிலோ உலர்புல்லாக வந்தது. அதற்கும் கீழே போவதென்றால் டாக்டர் பார்வையில் மட்டும்தான். தூக்குத் தராசு ஒன்று வாங்கி லாயத்துக் கதவில் மாட்டிவிட்டேன், உலர்புல் அடைத்த ஒவ்வொரு வலையும் அதில் ஏறி இறங்கித்தான் போகும். "ஒரு கட்டு", "ரெண்டு கை" என்ற கணக்கெல்லாம் உதவாது, ஒரே அளவு தெரிகிற இரண்டு வலைகளில் ஒன்று மற்றதைவிட ஒரு கிலோ கூட நிற்கும்.

அந்தப் புல்லையும் ஊறவைத்துத்தான் கொடுக்கிறோம். உலர்புல்லில் சர்க்கரை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது, கண்ணுக்குக் காய்ந்த குச்சியாகத்தானே தெரிகிறது. தண்ணீரில் கரையும் சர்க்கரைகள் ஊறும்போது வெளியே வந்துவிடும். எவ்வளவு வரும் என்பது புல்லுக்குப் புல் மாறும், சில புல்லில் பாதி போகும், சிலவற்றில் பெயருக்குக் கொஞ்சம்தான் போகும், ஆகவே ஊறவைத்துவிட்டோம் என்று அளவைக் கூட்ட முடியாது. குளிர்காலத்தில் இரவெல்லாம் ஊறலாம், வெயில் காலத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் புளித்து நாறிவிடும். காலையில் வலையைத் தூக்கும்போது தொட்டியில் நிற்கிற தண்ணீர் பழுப்பு நிறத்தில், கொஞ்சம் நுரையோடு, இனிப்பு வாசத்தோடு இருக்கும். அதைக் குதிரைக்கு எட்டாத இடத்தில் கொட்டுங்கள். எடை போடுவது ஊறப்போடும் முன்பே, நனைந்த பிறகு தராசு காட்டுவது தண்ணீரின் எடை. சின்னக் கண் வலையாக வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலை போட்டு, நாலு தவணையாகப் பிரித்துத் தொங்கவிட்டால் அந்த 4.8 கிலோ நாள் முழுக்க ஓடும்.

இப்போது பவுடர் விஷயத்துக்கு வரலாம். தொட்டியில் கொட்டின தண்ணீரோடு சர்க்கரை மட்டும் போகவில்லை, தாது உப்புகளும் போகின்றன. புல்லின் அளவை வேறு குறைத்திருக்கிறோம். இந்த ஊர்ப் புல்லில் செம்பு, துத்தநாகம், செலினியம் மூன்றும் பெரும்பாலும் குறைவு. வைட்டமின் ஈ பச்சைப்புல்லில் ஏராளம், காயவைத்த புல்லில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். புரதமும் மட்டம்தான். இந்த நிலையில் வெறும் ஊறின புல்லை மட்டும் கொடுத்து இளைக்கவைத்தால் என்ன இளைக்கும்? கொழுப்போடு சேர்ந்து சதையும் இளைக்கும், முதுகுத் தசை வற்றும், குளம்பு மெலிந்து உடையும். எந்தக் குளம்பைக் காப்பாற்ற இவ்வளவு பாடும் படுகிறோமோ அந்தக் குளம்பு நல்ல சுவராக வளர செம்பும் துத்தநாகமும் புரதமும் வேண்டும்.

ஆகவே வாளியில் போடுவது பேலன்சர். நம் ஊரில் மாட்டுக்குத் தாது உப்புக் கலவை கொடுப்பார்களே, அதோடு வைட்டமினும் கொஞ்சம் தரமான புரதமும் சேர்த்து சின்னக் குருணையாக்கி வருகிற தீவனம். வழக்கமான அளவு 100 கிலோ எடைக்கு 100 கிராம், அதாவது பிராம்பிளுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோவைச் சுற்றி. அதிலிருந்து ஏறுகிற சக்தி அற்பம், ஆனால் அரை அளவு போட்டால் பயனும் அரைதான், பொதியில் எழுதியிருக்கிற அளவு முழுவதும் போட வேண்டும். குண்டான குதிரைக்கு எதற்குத் தீவனம் என்று இதை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பதறுகிறது. இளைக்கிற குதிரைக்குத்தான் இது மற்ற குதிரைகளைவிட அதிகம் தேவை.

வாங்கும்போது நான் பொதியின் முன்பக்கப் படத்தைப் பார்ப்பதில்லை, பின்பக்கம் திருப்பிவிடுவேன். மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைவாக இருக்க வேண்டும், மொலாசஸ் என்கிற சர்க்கரை ஆலைப் பாகு சேர்க்காததாக இருக்க வேண்டும். லைசின் என்கிற அமினோ அமிலம் போட்டிருக்கிறதா, செம்பும் துத்தநாகமும் எத்தனை மில்லிகிராம் என்று பார்ப்பேன். இரும்பு சேர்த்தது வேண்டாம், புல்லிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. இன்னொன்று முக்கியம். பேலன்சரும் போட்டு, அதற்கு மேல் வேறொரு குளம்புப் பவுடர், தசைப் பவுடர் என்று அடுக்காதீர்கள். செலினியம் கொஞ்சம் கூடினாலே குதிரைக்கு விஷம், இரண்டு டப்பாவிலும் அது இருந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். பேலன்சரில் வைட்டமின் ஈ போதவில்லை என்றால் அதை மட்டும் தனியாகச் சேர்க்கலாம், ஒரு சிட்டிகை சாதா உப்பும். பிராம்பிளுக்கு இவையெல்லாம் ஒரு கை மொலாசஸ் இல்லாத வைக்கோல் நறுக்கில், கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து போகும். தண்ணீர் தெளிக்காவிட்டால் நறுக்கை மட்டும் தின்றுவிட்டு, பவுடரை மூச்சால் ஊதி வாளியின் ஒரு ஓரமாக ஒதுக்கிவிடுவாள்.

மெக்னீசியம், குரோமியம்? லேமினைட்டிஸ் வந்த குண்டான குதிரைகளுக்கு இந்த இரண்டும் கலந்த கலவையை 16 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. எடையும் இறங்கவில்லை, இன்சுலினும் மாறவில்லை. லவங்கப்பட்டைக்கும் நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. மெக்னீசியம் உடம்புக்கு வேண்டியதுதான், குறைவாக இருந்தால் பேலன்சரிலேயே அது வந்துவிடும், அதற்காகத் தனி டப்பா வாங்கி அதில் மனத்தைத் தேற்றிக்கொள்வதுதான் ஆபத்து. டப்பா வந்ததும் வலையின் எடையைப் பார்ப்பது நின்றுவிடுகிறது. அந்தப் பணத்துக்கு உங்கள் புல்லை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சர்க்கரை அளவு பார்த்துவிடலாம். சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து பத்து சதவீதத்துக்குள் இருந்தால் அது இளைக்க வேண்டிய குதிரைக்கான புல்.

ஊரிலிருந்து அம்மா போன் பண்ணும்போதெல்லாம் பிராம்பிளைக் கேட்பாள். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க? கொள்ளை வேகவெச்சுக் கொடுடி, குதிரைக்குன்னே இருக்கிற தானியம்" என்பாள். குதிரைக்குக் கொள்ளு கொடுத்தது நாள் முழுக்க வண்டி இழுத்த குதிரைக்கு, அம்மா. அது புரதமும் மாவுச்சத்தும் நிறைந்த பலமான தீனி, உழைக்கிற உடம்புக்கு ஏற்றது. எங்கள் குதிரை பள்ளி விட்டு வந்த பிள்ளையை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நடக்கிறது. இதை அம்மாவுக்குச் சொன்னால் அவள் உடனே, "அப்ப நல்லா ஓட விடு" என்றாள். அதில் தப்பே இல்லை.

ஓட விடுவதுதான் இன்சுலினுக்கு எந்தப் பவுடரும் செய்யாததைச் செய்கிறது. குளம்பில் வலி இல்லாத வரைக்கும்தான், லேமினைட்டிஸ் வந்த குதிரையை ஓட்டவே கூடாது. மகள் வளர்ந்துகொண்டிருக்கிறாள், அவள் ஏறாத நாட்களில் நீளக் கயிற்றில் பிடித்து மேட்டுப் பாதையில் வேகநடையாக நடத்திக்கொண்டு போகிறோம். குளிர்காலத்தில் போர்வை போடவில்லை. ஆரோக்கியமான மலைக்குதிரைக்குத் தன் ரோமமே போதும், குளிரைத் தாங்க உடம்பு தன் கொழுப்பை எரிக்கட்டும். மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை இருக்கிறது. லாயத்தில் பக்கத்துக் குதிரைக்காரர்கள் "பாவம், குளிருமே" என்று வருத்தப்பட்டார்கள், அவர்களிடம் அவள் ரோமத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன், அடுப்பங்கரை மாதிரி கதகதவென்று இருந்தது.

ஊறின புல்லிலேயே எடை நின்றுவிட்டால் ஒரு பங்கை வைக்கோலாக மாற்றலாம், நல்ல சுத்தமான ஓட்ஸ் அல்லது பார்லி வைக்கோல். சக்தி குறைவு, மெல்லுகிற நேரம் அதிகம். பல் நன்றாக இருக்க வேண்டும், மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். நாங்கள் குளிர்காலத்தின் பின்பாதியில் மூன்றில் ஒரு பங்கு வரை போனோம். இவ்வளவு செய்தும் இன்சுலின் இறங்காத குதிரைகள் உண்டு, அவற்றுக்கு டாக்டர் கொடுக்கிற மருந்துகள் இருக்கின்றன, மனிதர்களின் சர்க்கரை நோய்க்கு வந்த மாத்திரைகளில் சிலவற்றை இப்போது குதிரைக்கும் பயன்படுத்துகிறார்கள். அது டாக்டரின் வேலை, கடை அலமாரியில் கிடைக்காது. பதினைந்து வயதைத் தாண்டிய குதிரை என்றால் குஷிங் என்கிற ஹார்மோன் நோயும் இருக்கிறதா என்று சேர்த்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் இறங்கினால் போதும், பிராம்பிளுக்கு அது ஒன்றரை முதல் இரண்டே முக்கால் கிலோ. சில வாரம் டேப் அசையவே இல்லை, அந்த வாரங்களில்தான் அலமாரிப் பக்கம் கண் போகும், போகட்டும், கை போகாமல் இருந்தால் சரி. பிப்ரவரி முடியும்போது 246 கிலோ. வால் அடியில் இருந்த மெத்தை கரைந்துவிட்டது, விலா விரலுக்குத் தட்டுகிறது, பிடரி மெதுவாக அசைய ஆரம்பித்திருக்கிறது. பிடரிதான் கடைசியாகக் கரையும் போலிருக்கிறது. லாடம் அடிக்கிறவர் முன்னங்குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்தக் குளிர்காலத்தில் வளர்ந்த பாகம் மேலே இறுக்கமாக வந்திருக்கிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டைப் பார்த்தபோது கால் கிலோ குருணை எங்கே போயிருக்கிறது என்று தெரிந்தது.

இனி வருவது புதுப்புல் காலம். வெயில் அடிக்கிற உறைபனிக் காலையில் புல்லில் சர்க்கரை தேங்கி நிற்கும், அந்த நேரத்தில் வெளியே விடுவதில்லை. மற்ற நாட்களில் விடியற்காலையில் கொஞ்ச நேரம், அதுவும் வாய்க்கூடை மாட்டித்தான். மேய்ச்சலில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை அது குறைத்துவிடும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நேரத்தை மட்டும் குறைத்தால் போதாது, மூன்று மணி நேரம் வெளியே விட்டால் அந்த மூன்று மணி நேரத்திலேயே நாள் தீனியில் பெரும் பங்கை வேகவேகமாக விழுங்கிவிடக் கற்றுக்கொள்ளும். கூடை மூக்கில் உரசிப் புண்ணாக்குகிறதா, அதோடு தண்ணீர் குடிக்க வருகிறதா என்று முதல் சில நாள் பக்கத்திலேயே நின்று பாருங்கள். புல் தின்கிற அளவுக்கு ஏற்ப வலையில் உலர்புல்லைக் குறைத்துக்கொண்டே வருவேன். பேலன்சர் அளவில் கை வைக்கப் போவதில்லை. ஏப்ரலில் டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்க வருகிறார்.